ஹெம்ப்: ஒரே பேர், எத்தனை செடி?

"ஹெம்ப் பை, ஹெம்ப் சட்டைன்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே, அது கஞ்சாச் செடிதானே? வாங்கினா மாட்டிப்போமா?" இந்தச் சந்தேகம் பலருக்கு இருக்கு. பதில் அந்தப் பேருக்குள்ளேயே இருக்கு.

ஹெம்ப்பும் கஞ்சாவும் ஒரே இனம்தான். 1753-ல் லின்னேயஸ் வச்ச பேர் கன்னாபிஸ் சட்டைவா. போதை தர்ற டி.எச்.சி., பெண் செடியின் பூங்கொத்துலதான் அதிகம். நாருக்காக வளர்க்கிற ரகங்கள்ல அது ரொம்பக் குறைவு. நார் கிடைப்பது தண்டின் பட்டையிலிருந்து. ஒரு காலத்தில் கப்பல் கயிறும் பாய்த்துணியும் அந்த நாரில்தான் செய்தாங்க. 'கான்வாஸ்' என்ற சொல்லே கன்னாபிஸிலிருந்து வந்ததுதான். உங்க கான்வாஸ் ஷூவின் பேரில் இந்தச் செடி ஒளிஞ்சிருக்கு!

'ஹெம்ப்' என்ற சொல்லும் கிரேக்க 'கன்னபிஸ்'ஸின் உறவுதான். ஜெர்மானிய மொழிகளில் பழைய 'க' ஒலி 'ஹ' ஆச்சு. லத்தீனின் 'கென்டம்', ஆங்கிலத்தில் 'ஹண்ட்ரட்' ஆன மாதிரி.

இப்போ தமிழுக்கு வருவோம். 'கஞ்சா' சமஸ்கிருதம் வழியா வந்த சொல், போதைப்பொருளுக்கான பேர். நாருக்கான 'சணல்', 'சண' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனா இன்னைக்குச் சணல் சாக்குன்னா அது ஜூட், வேற செடி. பூக்கிற நேரத்தில் மடக்கி உழுது உரமாக்கும் சணப்புக்கு ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்'. அது அவரைக் குடும்பம். அந்த 'சன்' சூரியன் இல்லை, அதே 'சண'தான்! புளிச்சக்கீரை வகையில் ஒண்ணுக்கு 'டெக்கான் ஹெம்ப்'னு பேர். ஆக, நல்ல நார் தந்தா போதும், ஹெம்ப்னு பேர் வச்சுட்டாங்க.

நீலகிரியோட கதை இன்னும் சுவாரசியம். இந்த மலைக்காடுகளில் தொட்டாலே எரியும் ஒரு செடி உண்டு. தாவரவியல் பேர் ஜிரார்டினியா, ஆங்கிலேயர்கள் 'நீலகிரி நெட்டில்'னு எழுதினாங்க. தோடர்கள் அதை வேகவச்சு நாரெடுத்து நூல் திரிச்சதா 19-ம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்லுது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கின மெக்ஐவரும் அந்த நாரில் ஆர்வம் காட்டினார். நேபாளத்தில் இதே செடிக்கு 'அல்லோ'ன்னு பேர், இன்னைக்கும் அதில் துணி நெய்றாங்க. இங்கே? 2013-ல் புவிசார் குறியீடு வாங்கின தோடர் பூத்தையல், பருத்தித் துணியில் போடப்படுது. மலையோட சொந்த நாரைப் பத்தி இப்போ யாரும் பேசுறதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்லுது? 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 'கஞ்சா'ன்னு சொல்றது பூ அல்லது காய் பிடிச்ச நுனிகளை. அதோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. ஹெம்ப் விதையை உணவாக விற்க 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி கொடுத்தது. அதனால் பையோ சட்டையோ வாங்கினா பயப்பட வேண்டாம். ஆனா செடி வளர்க்கிறது வேற விஷயம். நாருக்கோ விதைக்கோ பயிரிடணும்னாலும் அரசு உரிமம் வேணும். 2018-ல் அந்தக் கதவைத் திறந்த முதல் மாநிலம் உத்தராகண்ட். மொட்டை மாடித் தொட்டியில் 'சும்மா ஒரு செடி' வச்சாலும் வழக்குதான்.

அடுத்த தடவை 'ஹெம்ப்'னு லேபிளைப் பார்த்தா, "எந்தச் செடி?"ன்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.