பாகத்தில் அளந்த கடல்

குமரி மாவட்டத்து மீனவ ஊரான இனயத்தின் கரையில் வயதான மீனவர் ஒருவரிடம், வலை போட்ட இடத்தில் ஆழம் எவ்வளவு என்று கேட்டால் மீட்டரில் பதில் வராது. “இருபத்திரண்டு பாகம்” என்பார்.

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்தால், ஒரு கை விரல்நுனியிலிருந்து மறு கை விரல்நுனி வரை உள்ள நீளம் ஒரு பாகம். கயிற்றின் முனையில் கனமான எதையாவது கட்டிக் கடலில் இறக்குவார்கள். அது தரை தட்டியதும் கயிறு தளரும். பிறகு அதை மேலே இழுக்கும்போது, ஈரக் கயிற்றை மார்புக்குக் குறுக்கே இரு கையாலும் நீட்டி நீட்டி எண்ணுவார்கள். ஒரு நீட்டு, ஒரு பாகம். ஆங்கிலேய மாலுமிகளின் ‘ஃபேதம்’ என்ற அளவும் இப்படிப் பிறந்ததுதான். அந்தச் சொல்லுக்கு ஆதியில் விரித்த கைகள் என்றே பொருள். கடலுக்குப் போன மனிதன் எங்கே இருந்தாலும் முதலில் தன் கையைத்தான் அளவுகோலாக எடுத்திருக்கிறான்.

அதே இடத்தில் இன்றைய படகின் எக்கோ சவுண்டர் ‘40 மீட்டர்’ என்று காட்டுகிறது. பெரியவரும் கருவியும் ஒரே ஆழத்தைத்தான் சொல்கிறார்களா?

இதற்கு விடை தருவது மாற்றுக் காரணி. ஒரு ஃபேதம் என்பது 6 அடி. ஓர் அடி 0.3048 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1.8288 மீட்டர். பாகத்தையும் இப்போதைக்கு 6 அடி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1.8288 மீட்டரும் 1 பாகமும் ஒரே நீளம். ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் எழுதிப் பின்னமாக்கினால் அதன் மதிப்பு 1. எதையும் ஒன்றால் பெருக்கினால் அது மாறாது. கடலின் ஆழம் அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லும் பெயர் மட்டும் மாறுகிறது. மாற்றுக் காரணியின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான்.

22 பாகம் × (1.8288 மீட்டர் / 1 பாகம்) = 40.2 மீட்டர்.

மேலே ஒரு பாகம், கீழே ஒரு பாகம். இரண்டையும் அடித்துவிட்டால் மீட்டர் மட்டும் மிஞ்சும். பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தால் 12.03 என்று வரும். எண்ணை மட்டும் பார்த்தால் தப்பு தெரியாது. அலகையும் சேர்த்து எழுதியிருந்தால் ‘பாகம் × பாகம் / மீட்டர்’ என்று பொருளில்லாத ஒன்று எதிரே வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் “அலகு எழுது, அலகு எழுது” என்று ஆசிரியர் மன்றாடுவது இதற்காகத்தான். மதிப்பெண்ணுக்காக என்று நினைத்துப் பலர் அதைப் பிறகு விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பாகம் 6 அடி என்று வைத்துக்கொண்டோம் அல்லவா, அங்கே திரும்பிப் போவோம். கை விரித்த நீளம் பெரும்பாலும் ஆளின் உயரத்தை ஒட்டியே இருக்கும். ஐந்தரை அடி உயரமுள்ளவரின் பாகம் சுமார் 1.68 மீட்டர்தான் வரும். அவருடைய 22 பாகம் ஏறக்குறைய 37 மீட்டர். ஆறடி ஆள் சொன்ன 22 பாகத்துக்கும் இதற்கும் 3 மீட்டருக்கு மேல் வித்தியாசம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு காரணி இருக்கிறது, அவ்வளவே. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெரியவரை மணலில் நிறுத்திப் பத்து பாகம் கயிறு அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கயிற்றை டேப்பால் அளந்து பத்தால் வகுங்கள். கிடைப்பது அவருக்கே உரிய மாற்றுக் காரணி. அவர் நினைவில் வைத்திருக்கும் ஆழங்களை எல்லாம் அதை வைத்து மீட்டரில் எழுதி வைத்துவிடலாம்.

எக்கோ சவுண்டரும் ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அது அளப்பது நேரத்தை. படகின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி வர ஆகும் நேரத்தைக் கணக்கிடுகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 0.053 நொடியில் திரும்பி வந்தால் போக வர 80 மீட்டர், பாதி 40. நொடியை மீட்டராக்கும் அந்த 1,500 என்ற எண்ணும் ஒரு மாற்றுக் காரணிதான்.

இனி தூரம். 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்றது. கடல் மைல் என்பது 1929-இல் மொனாக்கோவில் கூடிய சர்வதேச நீர்வரைவியல் மாநாட்டில் 1,852 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டது. எனவே 3 கடல் மைல் 5.556 கிலோமீட்டர். தரை மைல் 1.609 கிலோமீட்டர்தான். யாராவது ‘மைல்’ என்பதை அப்படி எடுத்துக்கொண்டால் 4.828 கிலோமீட்டரிலேயே எல்லை முடிந்துவிடும். இடையில் விடுபடும் முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அந்தக் கடல், வள்ளம் என்னும் சிறு படகில் போகிறவர்களின் பிழைப்பு நடக்கும் கடல்.

மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்தான் ஒரு ‘நாட்’. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் புயல் என்று வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. 60 இல்லை, 65 இல்லை, அதென்ன 62? மூல அளவு 34 நாட். 34-ஐ 1.852-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 63 வரும். பட்டியலில் 62 என்று வைத்திருக்கிறார்கள். 2017 நவம்பர் 30-இல் இந்தக் கரையோர ஊர்களை உலுக்கிய ஒக்கிப் புயலும் இந்த வரம்பைத் தாண்டித்தான் பெயர் பெற்றது. நாட் அளவில் வரும் எச்சரிக்கையைக் கிலோமீட்டர் என்று நினைத்துவிட்டால், 34 என்பது சாதாரணக் காற்றாகத் தோன்றிவிடும்.

ஜி.பி.எஸ். வந்த பிறகு சேர்ந்த ஒரு சிக்கல், எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஒரு நல்ல பார் (மீன் சேரும் கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடத்தின் அட்சரேகையை ஒருவர் ‘ஏழு நாற்பத்தைந்து’ என்று வாயால் சொல்கிறார். அவர் சொன்னது 7 டிகிரி 45 நிமிடம். கேட்டவர் கருவியில் 7.45 என்று பதிகிறார். நிமிடத்தை டிகிரியாக மாற்ற 60-ஆல் வகுக்க வேண்டும். 45-ஐ வகுத்தால் 0.75. ஆக, இடம் 7.75 டிகிரி. கேட்டவர் பதிந்ததோ அதிலிருந்து 0.30 டிகிரி தெற்கே. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு கடல் மைல் என்பதால் 0.30 டிகிரி என்பது 18 கடல் மைல், அதாவது 33 கிலோமீட்டர். பாரைத் தேடிப் போன படகு அதைக் கடந்து, ஆழ்கடலில் 33 கிலோமீட்டர் தள்ளிப் போய் வலையை இறக்கும்.