வயிற்றுக் கோடும் வல்லாரையும்

மதுரைப் பக்கம் ஏழு மாத வயிற்றுக்காரி லேசாகச் சொறிந்துவிட்டால் போதும், “சொறியாத தாயி, கோடு விழுந்துரும்” என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். அரிப்பும் கோடும் சேர்ந்து வருவது உண்மைதான். ஆனால் கோட்டைப் போடுவது நகம் அல்ல. தோல் வேகமாக விரிவதால்தான் இரண்டும் வருகின்றன. (உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் கடுமையாக அரித்தால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. அது ஈரல் கோளாறாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை அவசியம்.)

மேல்தோலுக்கு அடியில் உள்ள கொலாஜன், எலாஸ்டின் இழைகள் விரியும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சிதைகின்றன. அந்தச் சிதைவுதான் வெளியே வரியாகத் தெரிகிறது. திடீரென வளரும் பையன்களின் முதுகிலும், ஜிம்முக்குப் போகிறவர்களின் தோளிலும் விழுவது இதே கோடுதான். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். நம் மாநிறத் தோலில் முதலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தோன்றி, மாதக்கணக்கில் மெல்ல மங்கி வெளிறும்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய விளக்கெண்ணெயும் கஸ்தூரி மஞ்சளும் குங்குமாதி தைலமும் வயிற்றில் ஏறுவது இதே மாதங்களில்தான். தானாக மங்கும் கோட்டுக்குப் பெயர் எண்ணெய்க்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! தொப்புளுக்கு ஒரு பக்கம் மட்டும் தேய்த்து, மறுபக்கத்தைச் சும்மா விட்டுப் பார்த்தவர் யார்?

ஒரே வயிற்றில் இல்லாவிட்டாலும், பெண்களைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் வெளிநாடுகளில் நடந்துள்ளன. 800 பெண்கள் பங்கேற்ற ஆறு ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் அலசியது. கோடு விழாமல் தடுக்கும் என்று எந்தப் பூச்சுக்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. கோகோ வெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும்கூடத் தேறவில்லை. அதற்காக எண்ணெய் வீண் என்றில்லை. வறட்சியும் அரிப்பும் தணியும், தேய்த்துவிடும் கைக்கும் ஒரு சுகம் உண்டு.

கொஞ்சம் நம்பிக்கை தருவது வல்லாரை. அதிலுள்ள ஏசியாட்டிகோசைடு, கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த செய்தி. வல்லாரைச் சாறு கலந்த கிரீம் பூசிய பெண்களுக்குக் கோடு குறைவாக விழுந்ததாக 1991இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. ஆனால் அதே கிரீமில் வைட்டமின் ஈ-யும் இருந்தது. புகழ் முழுவதையும் வல்லாரைக்கே கொடுக்க முடியாது. கீரைக்காரரிடம் வாங்கிய கட்டை அரைத்துப் பூசுவதும் அளந்து பிரித்தெடுத்த சாறும் ஒன்றல்ல.

புதிய கோடுகளுக்குத் தோல் மருத்துவர்கள் தரும் ட்ரெட்டினாயின் ஓரளவு பலிக்கும். கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது.

இதில் பெரிய வேடிக்கை, தோல் வெளுக்கும் என்று தோழி சொன்னதை நம்பி வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கிரீம்கள். நாள்பட்டால் அவை தோலை மெலியவைத்துத் தாமே கோடு போடும். இத்தகைய பல கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு உத்தரவிட்டது.