பயண மின்செருகி மாற்றி

பயண மின்செருகி மாற்றி அல்லது அடாப்டர் என்பது ஒரு நாட்டின் செருகியை வேறொரு நாட்டின் பொருத்துவாயில் இணைக்க உதவும் கருவியாகும். இது மின்னழுத்தத்தை மாற்றாது. ஐரோப்பாவில் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட்டு ஆகும். அதனை ஏற்காத கருவிக்குத் தனியே மின்மாற்றி தேவை.

பொருத்துவாய்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. செருமனியில் பக்கவாட்டில் எர்த் தகடுகள் கொண்ட எஃப் வகையும், பிரான்சில் எர்த் முள் நீட்டிய ஈ வகையும், பிரித்தானியாவில் மூன்று தட்டை முள்களுக்கான ஜி வகையும் பயன்படுகின்றன.

யூரோபிளக் எனப்படும் இருமுள் செருகி 2.5 ஆம்பியர் மின்னோட்டத்துக்கே உரியது. அதில் எர்த் இல்லை. கைபேசி மின்னேற்றிக்கு இது போதும். 1000 வாட்டு இசுத்திரிப்பெட்டியோ ஏறத்தாழ 4.3 ஆம்பியர் எடுக்கும். அத்தகைய கருவிக்கு எர்த் தொடர்ச்சியும் போதிய ஆம்பியர் அளவும் உள்ள மாற்றியே ஏற்றது. எர்த் விடுபட்டால், மின்கசிவின்போது கருவியின் உலோகப் பகுதியைத் தொடுபவருக்கு மின்னதிர்ச்சி ஏற்படலாம்.