கிராம் கணக்கு – 14: கோணாத பேரல்

போன வாரம் ஆர்மலைட் கம்பெனியின் ஏஆர்-10 ரைஃபிளில், உள்ளே எஃகும் வெளியே அலுமினியமுமாகச் செய்த பேரல் ஸ்பிரிங்ஃபீல்டு சோதனையில் வெடித்ததோடு நிறுத்தியிருந்தோம். வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனர் வேண்டாம் என்றார், தலைவர் ஜார்ஜ் சல்லிவன் கேட்கவில்லை. மற்றதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் தோளில் பதியும் கட்டையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆசிரியர் குழுவில் அதற்குப் படம்கூட வரைந்து வைத்துவிட்டார்கள். ஆனால் பேரல் என்னை விடமாட்டேன் என்கிறது.

அலுமினியம் கைவிட்ட பிறகு எஃகையே எப்படி மெலிய வைப்பது என்பதுதான் கேள்வி. ஏஆர்-10க்குத் தம்பியாகப் பிறந்த ஏஆர்-15ன் உரிமையை 1959ல் கோல்ட் கம்பெனி வாங்கியது. அதன் பேரல் 20 அங்குலம், அதாவது 508 மில்லிமீட்டர். நீளத்தில் கை வைக்க வழியில்லை. குண்டின் எடை 55 கிரெய்ன், நம் கணக்கில் மூன்றரை கிராம். அந்தப் பொடிக் குண்டுக்கு இருக்கும் ஒரே பலம் வேகம். பேரல் நீளமாக இருந்தால் வாயு அதிக நேரம் பின்னால் நின்று தள்ளும். நொடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர் வேகத்தில் குண்டு வெளியேறும். நீளத்தைக் குறைத்தால் வேகமும் குறையும். மிச்சமிருப்பது தடிமன் ஒன்றுதான். கைப்பிடி உறைக்கு அடியில் அந்தப் பேரலின் குறுக்களவு சுமார் 16 மில்லிமீட்டர். நடுவில் 5.56 மில்லிமீட்டர் துளை. சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் எஃகு, அவ்வளவே. அமெரிக்கர்கள் இதைப் பென்சில் பேரல் என்கிறார்கள். ஏஆர்-15ன் ராணுவ வடிவமான எம்16ஏ1, தோட்டா இல்லாமல் சுமார் 2.9 கிலோ. ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டு என்று மாற்றி, 1964ல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த எஸ்பி-1ம் இதே மெல்லிய, நீண்ட பேரலோடுதான் வந்தது.

இந்தத் துப்பாக்கிக்கு வாழ்வு வந்த விதத்தைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. 1960 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். ஃபேர்சைல்ட் விமானக் கம்பெனியின் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் பூட்டெல், மேரிலாந்தில் தன் பண்ணையில் விருந்து வைத்தார். விமானப்படைத் துணைத் தளபதி கர்ட்டிஸ் லெமே வந்திருந்தார். அவர் சுட்டுப் பார்ப்பதற்காக மூன்று தர்ப்பூசணிகளை வைத்தார்கள். முதல் இரண்டும் சிதறின. மூன்றாவதையும் சுடுகிறீர்களா என்று கேட்டதற்கு, அதைச் சாப்பிடலாம் என்றாராம் லெமே. கோடிக்கணக்கான டாலர் கொள்முதலுக்குக் கால்கோள் இரண்டு பழம்! விமானப்படை வாங்கியது, தரைப்படை பின்னாலேயே வந்தது.

இனி இந்த வாரத்து விஷயம். இதைப் படித்ததிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மரைன் படை இந்த ரைஃபிளைத் திருத்தி எம்16ஏ2வை உருவாக்கிக்கொண்டிருந்தது. பேரல்கள் கோணிப்போகின்றன என்று ஒரு புகார் இருந்தது. துளைக்குள் அளவுக்கம்பியை இறக்குவார்கள். தடையில்லாமல் இறங்கினால் பேரல் நேர். நடுவில் நின்றால் கோணல், கழித்துவிட வேண்டும். பல பேரல்களில் கம்பி நின்றது. சிப்பாய்கள் துப்பாக்கியில் பயனெட்டை மாட்டி, தோட்டாப் பெட்டிகளின் கட்டுப்பட்டையை நெம்பியிருப்பார்கள், அதில்தான் நுனி வளைந்திருக்கும் என்று முடிவுகட்டினார்கள். பரிகாரமாக, முன்குறிக்கு முன்னால் உள்ள பகுதியைச் சுமார் 18 மில்லிமீட்டராகத் தடிமனாக்கினார்கள்.

பின்னாளில் அந்தத் திட்டத்தின் அதிகாரியே சொன்ன கதை வேறு. துளைக்குள் விளக்குக் கருவியை விட்டுப் பார்த்தபோது, கம்பி நின்ற இடம் எல்லாப் பேரலிலும் ஒன்றாகவே இருந்தது: வாயு பிரியும் சிறு துவாரத்தின் ஓரம். துவாரம் போட்டபோது விட்டுப்போன பிசிறு, கடந்து போகும் ஒவ்வொரு குண்டின் செப்புத் தோலையும் சுரண்டியிருக்கிறது. சுரண்டியது அங்கேயே படிந்து மேடாகிவிட்டது. கம்பி முட்டியது அந்த மேட்டில். சுத்தம் செய்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பேரலில் கோணலே இல்லை. ஆனால் அதற்குள் புதிய வடிவம் முடிவாகிவிட்டது. 1983ல் மரைன் படை அதை ஏற்றுக்கொண்டது.

தடிமனுக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 16ஐ 18 ஆக்கினால் அந்தப் பகுதியின் எடை முப்பது சதவீதம் கூடும். விறைப்போ அறுபது சதவீதம் கூடும். விறைப்பு குறுக்களவின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் கிடைக்கும் லாபம் அது. நல்ல வியாபாரம்தான், சரியான இடத்தில் செய்திருந்தால். பின்பகுதியைத் தடிமனாக்க முடியவில்லை. எம்203 குண்டெறி கருவி அங்கேதான் கவ்வுகிறது, அதன் பிடிக்கு மெல்லிய பேரல் வேண்டும். ஆக, விடாமல் சுடும்போது கடும் சூடும் அழுத்தமும் தாங்க வேண்டிய பின்பாதி பென்சிலாகவே நின்றது. சதை போட்டது நுனி. எடையை வைக்க அதைவிட மோசமான இடம் கிடையாது: துடைப்பத்தின் பிடி நுனியைப் பிடித்துக் கிடையாக நீட்டிப் பாருங்கள், நூறு கிராம் நுனியில் என்ன செய்யும் என்று மணிக்கட்டு சொல்லும். மொத்த எடை 3.3 கிலோவைத் தொட்டது. பாவம், பேரல் மட்டும் அதற்குக் காரணமில்லை. பின்னர் சிறப்புப் படைகளின் எம்4ஏ1க்குக் கைப்பிடி உறைக்கு அடியில் தடித்த பேரல் போட்டார்கள். எஃகு போக வேண்டிய இடம் அதுதான்.

இன்று அமெரிக்கக் கடைகளில் உதிரிபாகம் உதிரிபாகமாக வாங்கி, நீளமும் வேண்டும், கனமும் கூடாது என்று ரைஃபிள் சேர்ப்பவர்களுக்கு முன்னால் இரண்டும் அடுக்கியிருக்கின்றன. முன் தடித்த வடிவத்தின் வியாபாரப் பெயர் ‘கவர்மென்ட் புரொஃபைல்’. ராணுவமே வைத்திருக்கிறதே என்று அதை எடுப்பவர்கள் ஏராளம். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சுட்டபடி நாள் முழுக்கத் தோளில் சுமந்து நடப்பவருக்குப் பென்சிலே போதும். மேசையில் சாய்த்துவைத்துத் தொடர்ந்து இலக்குச் சுடுபவர், பின்னிருந்து முன்வரை சீராகத் தடித்ததை வாங்கட்டும். சூடேறினாலும் குறி லேசில் நகராது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அந்தக் கவர்மென்ட் சரக்கை எதற்கு வாங்குவது என்று எனக்குப் புரிந்தபாடில்லை.

பேரலுக்குள் ஓடும், குண்டைச் சுழலவைக்கும் புரியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் குண்டு தள்ளாடியதால் 1963ல் அது 12 ஆனது. எம்16ஏ2வில் ஒரேயடியாக 7. சாதாரணப் புதுக் குண்டுக்கு 9 போதும்; ஒளிவிட்டுப் போகும் நீளமான எம்856 குண்டுக்காகத்தான் இந்த இறுக்கம். ஒரு குண்டுக்காக மொத்தப் படைக்கும் புரி மாறியது.

பக்கம் தீர்ந்துவிட்டது. கட்டை அடுத்த வாரம் நிச்சயம். எம்16ஏ2வில் அதையும் விட்டுவைக்கவில்லை, ஐந்தெட்டு அங்குலம் நீட்டினார்கள். யார் கைக்கு அளவெடுத்து நீட்டினார்கள் என்று பார்ப்போம்.