குடும்பம் சொன்னதும் கட்டி சொல்வதும்

1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், நோய்க்குறியியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்தினிடம் அவருடைய தையற்காரப் பெண்மணி ஒரு கவலையைச் சொன்னார். அவர் உறவில் பலரையும் வயிற்றிலோ கருப்பையிலோ வந்த புற்றுநோய் கொண்டுபோயிருந்தது. தனக்கும் இள வயதிலேயே அதே கதிதான் என்றார். அப்படியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். வார்தின் அந்தக் கொடிவழியைத் திரட்டி, ‘ஜி குடும்பம்’ என்ற பெயரில் 1913-இல் வெளியிட்டார். புற்றுநோய் வழிவழியாக வரும் என்பதை அன்று ஏற்றவர்கள் குறைவு. 1960-களில் மருத்துவர் ஹென்றி லிஞ்ச் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இத்தகைய குடும்பங்களைத் தேடிப் பதிந்தபோதும் சந்தேகம் தீரவில்லை. இன்று அந்தப் பாதிப்புக்கு அவர் பெயர்தான்: லிஞ்ச் சின்ட்ரோம்.

அன்று மருத்துவருக்குக் கிடைத்த தடயம் குடும்பத்தின் நினைவு மட்டுமே. இந்தப் பாதிப்பை அடையாளம் காண வந்த 1991-இன் ஆம்ஸ்டர்டாம் விதிகளும் அதையே நம்பின: நெருங்கிய உறவில் மூன்று பேர், இரண்டு தலைமுறை, ஒருவருக்காவது 50 வயதுக்குள் நோய். சிறிய குடும்பத்தாரும் தத்துப்பிள்ளைகளும் இந்தக் கணக்கில் நழுவிப்போனார்கள்.

இன்று முதலில் பேசுவது கட்டி. அறுவையில் எடுத்த குடல் திசுவில் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கிறார்கள். டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்துபவை அவை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2017-இல், பெருங்குடல் புற்றுநோய் கண்ட எல்லோருக்கும் இத்தகைய சோதனையைப் பரிந்துரைத்தது. குடும்ப வரலாறு நிபந்தனை அல்ல.

புரதம் காணவில்லை என்பதாலேயே அது பரம்பரை நோய் ஆகிவிடாது. நூறு குடல் கட்டிகளில் சுமார் 15-இல் இந்தக் குறை உண்டு. லிஞ்ச் என உறுதியாவது ஏறக்குறைய மூன்றுதான். மற்றவற்றில் பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் ஒரு மரபணு அடங்கிப்போயிருக்கும். அதனால்தான் கடைசித் தீர்ப்பை இரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனைக்கு விடுகிறார்கள். ஜி குடும்பத்துக்கும் அந்தத் தீர்ப்பு 2000-இல் வந்தது: அந்த நான்கு புரதங்களில் ஒன்றுக்கான எம்எஸ்எச்2 மரபணுவில் பிழை.

பிழை உறுதியானால், உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்கச் சரிபாதி வாய்ப்பு. இருப்பவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்துகொண்டால், புற்றாக மாறுமுன்பே குடல் மொட்டுகளை அகற்றிவிடலாம். ஆனால் அறிக்கை வருவது நோயாளியின் கைக்கு; அதைத் தம்பி தங்கையிடம் சொல்வது பெரும்பாலும் அவர் பொறுப்பாகவே விடப்படுகிறது. நோயைக் கண்டுபிடிக்க முன்புபோல் குடும்பம் வாய் திறக்க வேண்டியதில்லை. தடுக்க வேண்டுமென்றால் இன்றும் திறந்தே ஆக வேண்டும்.