தாவர மூலக்கூறு வைரஸ் மருந்தாகும் வழி

வைரஸ் தானாக எதையும் செய்துகொள்ளாது. செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. ஆகவே வைரஸை முடக்கும் பொருள் பல சமயம் செல்லையும் சேர்த்தே கொன்றுவிடுகிறது. வைரஸுக்கு மட்டும் உரிய ஏதேனும் ஒரு நொதியைப் பிடித்து நிறுத்தும் மூலக்கூறு நல்ல மருந்தாக முடியும். அத்தகைய மூலக்கூறுகளைத் தேடும் இடங்களில் தாவரங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. நின்ற இடத்தை விட்டு நகர முடியாத செடி, பூச்சி, பூஞ்சை, கிருமி எல்லாவற்றையும் வேதிப்பொருள்களால்தான் சமாளிக்கிறது. ஆல்கலாய்டு, டெர்பீன், குமாரின், டானின் என்று அது உண்டாக்கும் பொருள்களில், எந்த வேதியியலாளரும் தானாக வரைந்து பார்த்திருக்க மாட்டாத வடிவங்கள் ஏராளம்.

இந்தத் தேடலின் சாதனையையும் சங்கடத்தையும் ஒருசேரக் காட்டுவது கலனோலைடு ஏ. எய்ட்ஸ் பரவத் தொடங்கியிருந்த 1980களில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து தாவர மாதிரிகளைத் திரட்டி எச்.ஐ.வி.க்கு எதிராகச் சோதித்தது. 1987இல் தாவரவியலாளர் ஜான் பர்லி, மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் லுண்டு அருகே ஒரு மரத்திலிருந்து மாதிரி எடுத்தார். மரத்தின் பெயர் காலோஃபில்லம் லானிஜெரம். நம் கடற்கரைப் புன்னையும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். கனியும் சிறுகிளையும் சேர்ந்த அந்த மாதிரியின் சாறு, ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்களை எச்.ஐ.வி.யிடமிருந்து காப்பாற்றியது.

சாற்றைப் பிரித்துப் பிரித்துச் சோதித்ததில் கிடைத்த குமாரின் வகைப் பொருளே கலனோலைடு ஏ. 1992இல் ஆய்வு முடிவு வெளியானது. எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்ற ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியை நம்பியிருக்கிறது. கலனோலைடு ஏ அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கிறது. எச்.ஐ.வி.1 வகையின் பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்க 0.1 மைக்ரோமோலார் செறிவே போதுமானதாக இருந்தது. அன்றைய முதன்மை மருந்தான ஏ.இசட்.டி.க்கு மசியாத வைரஸிடமும் அது வேலை செய்தது. எச்.ஐ.வி.2 வகையிடம் மட்டும் பலிக்கவில்லை. குறிப்பிட்ட நொதியின் குறிப்பிட்ட வடிவத்தையே அது அறியும் என்பதற்கு இது நல்ல சான்று.

மேலும் ஆராய நிறையப் பொருள் தேவைப்பட்டது. குழு மறுபடி லுண்டுக்குப் போனபோது அந்த மரம் அங்கே இல்லை, வெட்டப்பட்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் நின்ற அதே இன மரங்களில் அந்தப் பொருள் போதுமான அளவில் கிடைக்கவில்லை. மண், பருவம், மரத்தின் மரபு எல்லாமே ஒரு மரம் தயாரிக்கும் பொருளை மாற்றிவிடும். கடைசியில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த மரங்கள் கைகொடுத்தன. காலோஃபில்லம் டெய்ஸ்மானி என்ற உறவு மரத்தின் பாலில் கலனோலைடு பி தாராளமாக இருப்பதும் தெரியவந்தது. வீரியத்தில் சற்றுக் குறைவுதான். ஆனால் மரத்தை வெட்டாமல் கீறிப் பாலெடுக்கலாம். பின்னர் ஃபுளோரோகுளூசினால் என்ற எளிய வேதிப்பொருளில் தொடங்கி ஆய்வகத்திலேயே கலனோலைடு ஏ தயாரிக்கப்பட்டது. 1996இல் அதை மருந்தாக்கச் சரவாக் அரசும் ஓர் அமெரிக்க நிறுவனமும் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கின. காட்டின் சொந்தக்காரருக்கும் பங்கு வேண்டும் என்ற நியாயம் இங்கே எழுத்தில் வந்தது பாராட்டத்தக்கது. மனிதர்களிடம் தொடக்கநிலைச் சோதனைகள் நடந்தன. ஆனால் கலனோலைடு ஏ மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை. இதற்குள் அதே நொதியை அதே பாணியில் தடுக்கும் நெவிரபின் 1996இலும் எஃபாவிரென்ஸ் 1998இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டன.

தாவரப் பொருள் வேறு வழியிலும் உதவும். பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவில் உள்ள ஷிகிமிக் அமிலத்திலிருந்துதான் டாமிஃபுளூ எனப்படும் ஃபுளூ காய்ச்சல் மருந்தான ஓசெல்டாமிவிர் தயாரிக்கப்பட்டது. அந்த அமிலம் மூலப்பொருள் மட்டுமே. அன்னாசிப்பூக் கஷாயம் குடித்தால் டாமிஃபுளூ குடித்ததாகாது.

மூலிகையை முழுதாகக் கொடுத்துச் சோதித்த முயற்சிகளில் கீழாநெல்லி முக்கியமானது. அதன் சாறு ஹெபடைடிஸ் பி வைரஸின் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைத் தடுப்பது 1987இல் ஆய்வகத்தில் தெரிந்தது. அடுத்த ஆண்டே சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க்கும் சேர்ந்த குழு, சென்னையில் நடத்திய சோதனையின் முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டது. 200 மில்லிகிராம் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு இது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வளர்ந்த இடமா, வைரஸின் வகையா, நோயாளிகளின் வேறுபாடா என்று வாதங்கள் எழுந்தன. சென்னையின் முடிவைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. அதை மட்டும் நம்பி மருத்துவம் செய்யவும் முடியாது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு இன்று மருத்துவர்கள் தருவது டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மாத்திரைகளை. அவற்றை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறுபவருக்கு வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரல் செயலிழக்கும் அபாயம் உண்டு.