விரால் பிடிச்ச கைக்குக் கொடுவா சிக்குமா?

ஏரிக்கரையில நின்னு ஃப்ராக் லூர் வீசி விரால் தூக்குற ஆளா நீங்க? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். முள்ளு கட்டவே இனிமேதான் கத்துக்கணும்னா, முதல்ல ஏரியில ஒரு மழைக்காலம் பழகிட்டு வாங்க.

மேல்சித்தாமூர், செஞ்சிப் பக்கத்துத் தூண்டில்காரங்களுக்கு வருஷா வருஷம் ஒரு சிக்கல் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில நிறையுற ஏரி, கோடையில தரை தட்டிடும். ராடு மூலைக்குப் போயிடும். அப்புறம் என்ன, யூடியூப்ல கனடாக்காரங்க வால்ஐ பிடிக்கிறதைப் பார்த்து ஏங்க வேண்டியதுதான். (மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களோட மடம் இருக்கிற ஊர். எறும்பை மிதிக்கவும் யோசிக்கிறவங்க தெரு வழியா மீனைத் தொங்கவிட்டுக்கிட்டுப் போகாதீங்க. சுத்திப் போனா ஒண்ணும் குறைஞ்சிடாது.)

வால்ஐ வட அமெரிக்காவோட குளிர்ந்த ஏரிகள்ல வாழுற மீன். நம்ம வெயிலுக்கு அது ஆகாது. ஆனா அதோட குணத்துல பாதியாவது இருக்கிற மீன் ஒண்ணு பைக்ல போற தூரத்துலயே இருக்கு. அதுதான் கொடுவா. ராத்திரி டார்ச் அடிச்சா ரெண்டுக்கும் கண்ணு மின்னும். மங்கின வெளிச்சத்துல இரை தடுமாறும்போது இதுங்களுக்கு வேட்டை. அதனால விடியல், அந்தி, கலங்கின தண்ணி இதெல்லாம் ரெண்டுக்கும் பிடிச்ச நேரம், பிடிச்ச இடம்.

திண்டிவனத்துல இருந்து கிழக்கே போனா மரக்காணம். அங்கே உப்பங்கழியும் முகத்துவாரமும் இருக்கு. கொடுவா கடல் உப்புல முட்டையிடும்; குஞ்சுங்க கழிக்குள்ள ஏறி வந்து வளரும். பருவமழை வெள்ளம் முகத்துவாரத்தை அகலமா வெட்டிவிட்டா போக்குவரத்து தாராளம். மணல் மூடிட்டா கதவு சாத்தின மாதிரிதான்.

சரி, விரால் பிடிச்ச அனுபவம் இங்கே கைகொடுக்குமா? வீசுறதும் முடிச்சு போடறதும் கைகொடுக்கும். மத்ததுல பாதி, கெடுக்கும்.

முதல்ல நேரம். விரால் மேல வந்து காத்துக் குடிக்கிற மீன். தண்ணியில அது விடுற குமிழைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிச்சிடுவீங்க. குஞ்சுக் கூட்டம் தெரிஞ்சா பக்கத்துலயே தாய் தகப்பன் காவல் இருக்கும்னும் தெரியும். கொடுவா அப்படி அடையாளம் எதுவும் காட்டாது. இங்கே நீங்க படிக்க வேண்டியது மீனை இல்லை, தண்ணி ஓட்டத்தை. ஏரித் தண்ணி நிக்கும். கழித் தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி, ரெண்டு தடவை வத்தும். வத்தும்போது சின்னச் சின்ன ஓடைகள்ல இருந்து இறாலும் மடவைக் குஞ்சும் வேற வழி இல்லாம பெரிய கால்வாய்க்கு இழுத்துக்கிட்டு வரும். அந்த ஓடை வாயிலதான் கொடுவா காத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமா இருக்கும். போன்ல டைடு பார்க்கிற ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க. ஆனா ஆப் சொல்றது கடலோர நேரம். கழிக்குள்ள போகப் போக அது தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளுதுன்னு நீங்களே குறிச்சு வெச்சுக்கணும். முதல் தடவை ராடே எடுக்காமப் போய், ஒரு ஏற்றத்தையும் ஒரு வற்றத்தையும் முழுசா உட்கார்ந்து பார்த்துட்டு வரலாம். போரடிக்கும்தான். ஆனா பத்து லூர் வாங்குறதை விட அது பிரயோஜனம்.

அடுத்தது லூர் இழுக்கிற விதம். பாசி மேல ஃப்ராக்கை நிறுத்தாம தத்தித் தத்தி இழுத்துப் பழகின கை, இங்கேயும் அதையே செய்யும். கொடுவா பெரும்பாலும் லூர் நிக்கும்போதுதான் அடிக்கும். மீன் வடிவ லூரையோ, வால் ஆடுற ரப்பர் லூரையோ ரெண்டு வெட்டு வெட்டி, நிறுத்துங்க. மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. அந்த மூணு வரைக்கும் பொறுமையா இருக்கிறதுதான் விரால்காரங்களுக்குக் கஷ்டம். பாலத் தூண், கல் குவியல், விழுந்து கிடக்கிற மரம்னு எதையாவது ஒட்டி வீசுங்க. ராத்திரி விளக்கு விழுற இடம்னா, வெளிச்சத்துல இல்லாம நிழல் தொடங்குற கோட்டுல போடுங்க. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்து மேல நின்னு மட்டும் வீசாதீங்க. பின்னால பஸ்ஸும் லாரியும் வர்ற வேகம் உங்களுக்கே தெரியும்.

அடி விழுந்த பிறகும் பழக்கத்தை மாத்தணும். விரால் ஃப்ராக்கைக் கவ்வினா ஒரு நொடி விட்டு, வாயை மூடினதும் பலமா சொடுக்கி, பாசிக்குள்ள புகுறதுக்குள்ள தரதரன்னு இழுத்துடுவீங்க. கொடுவா வாயைத் திறந்து தண்ணியோட லூரை உறிஞ்சிடும். காத்திருந்தா துப்பிடும். நூல் எப்பவும் லேசா இறுக்கமா இருக்கட்டும். தட்டினதும் ராடைப் பக்கவாட்டுல இழுங்க. அடுத்த நொடி அது தண்ணிக்கு மேல தாவித் தலையை உதறும். அப்போ ராடைத் தூக்கினா முள் பிடுங்கிக்கும். முனையைத் தாழ்த்தி, இறுக்கம் குறையாமப் பார்த்துக்கோங்க. ட்ராகை முழுசா இறுக்கி வைக்கிற ஏரிப் பழக்கம் இங்கே நூலை அறுத்திடும். பிரெய்டு நுனியில 40 பவுண்டு லீடர் ஒண்ணரை, ரெண்டு அடி கட்டுங்க. கொடுவாவோட வாய் உப்புத்தாள் மாதிரி. வெறும் பிரெய்டைத் தேய்ச்சே அறுத்துடும். செவுள் மூடி ஓரம் பிளேடு. அதுக்குள்ள விரல் விடாதீங்க, இடுக்கி வெச்சு முள்ளை எடுங்க.

எங்கே வீசலாம், எங்கே கூடாது?

ஏரியில குத்தகைக்காரர்கிட்ட கேட்டுட்டு இறங்குறது உங்களுக்குப் பழக்கம்தானே. இங்கேயும் கேட்கணும். கழுவெளி ஏரியை 2021 டிசம்பர்ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. அந்த எல்லைக்குள்ள உங்க விருப்பத்துக்குத் தூண்டில் போட முடியாது. எல்லை எதுவரைக்கும்னு வனத்துறைகிட்ட கேட்டுக்கோங்க. அதுக்கு வெளியில இருக்கிற தண்ணி, மீனவக் குப்பத்து ஆட்களோட பிழைப்பு. "அண்ணே, இங்க போடலாமா?"ன்னு கேட்டா பெரும்பாலும் இடத்தையும் காட்டுவாங்க, சேறு எங்கே ஆளை இழுக்கும்னும் சொல்வாங்க. வலை கட்டின இடத்துல முள்ளு லூரை வீசிக் கிழிச்சிட்டு வந்தா, அடுத்து வர்ற எல்லாருக்கும் கதவு மூடிடும்.

இனி நான் கொஞ்சம் கறாரா சொல்ற விஷயம். கொடுவா பெரும்பாலும் ஆணாப் பிறந்து, சில வருஷம் ஆணா முட்டைக்கு உயிர் கொடுத்துட்டு, வளர்ந்த பிறகு பெண்ணா மாறுற மீன். அப்படின்னா கழியில இருக்கிற பெரிய மீன்கள் அநேகமா எல்லாமே முட்டை போடுற தாய். நீங்க போட்டோவுக்காகத் தேடுறதும் அதைத்தான். ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்துல 58 சென்டிமீட்டருக்குச் சின்னதையும் எடுக்கக் கூடாது, 120 சென்டிமீட்டருக்குப் பெரிசையும் எடுக்கக் கூடாது. நம்ம கழியோட அளவுக்கு 120 ரொம்பத் தாராளம். நான் சொல்றது, கை முழுக்க வர்ற மீன்னா விட்டுடுங்க.

சாப்பிட ஆசையா இருந்தா அதுக்குப் பண்ணைக் கொடுவா இருக்கு. சென்னையில இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997லேயே கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வெச்சுட்டாங்க. குழம்புக்கு அந்த ஒரு கிலோ மீனே அருமை.

விடணும்னு முடிவு பண்ணினா முள்ளோட எதிர்க்கொக்கியை வீட்லயே இடுக்கியால அழுத்தி நசுக்கிட்டுப் போங்க. பிடிச்ச மீனைத் தாடையில தொங்கவிடாம, நனைச்ச கையால வயித்தைத் தாங்கி, படுக்கை வாக்குல பிடிங்க. விரால் தரையில கிடந்தாலும் காத்தைக் குடிச்சுக் கொஞ்ச நேரம் தாங்கும். கொடுவாவுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு போட்டோ போதும். ஓட்டத்தைப் பார்த்த மாதிரி தண்ணியில பிடிச்சிருங்க, வாலை உதறினதும் கையை எடுத்துடுங்க.

வீட்டுக்கு வந்ததும் ரீலையும் லூரையும் நல்ல தண்ணியில கழுவி நிழல்ல காய வைங்க. ஏரிக்குப் போயிட்டு வந்து அப்படியே மூலையில சாத்துற பழக்கத்தை இங்கேயும் வெச்சீங்கன்னா, அடுத்த அமாவாசைக்கு ஹேண்டில் சுத்தாது.